நறுக்கிய காகிதத்தில் வான்கோழிகள்

செபமலர் அன்ரிக்கு நன்றி என்றால் என்னவென்றே தெரியாது என்று விநாயகமூர்த்தி சொல்லாத தமிழ் வீடு ஒக்லாந்தின் லின்ஃபீல்டிலும் மவுண்ட் ரோஸ்கிலிலும் இல்லை. கோயிலில் சொன்னார். பிறந்தநாள் விருந்துகளில் சொன்னார். ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வேலை குடுத்தன், ஏத்தி இறக்க வான் விட்டன், பிரச்சினை வந்த இடத்திலை முன்னுக்கு நிண்டு காப்பாத்தினன். கடைசியிலை என்ரை வீட்டுக்குள்ளையே நிண்டு என்னை அவமானப்படுத்திப்போட்டுது அந்த மனிசி."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் அவர் கொடுத்த வேலையில் இருந்தவர்கள். மற்றவர்கள் இனிமேல் வேலை கேட்க இருந்தவர்கள்.

நாங்கள் அன்ரியின் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தோம். ஒரே கூரை, நடுவில் ஒரு மெல்லிய சுவர். அங்கே மீன் பொரித்தால் எங்கள் திரைச்சீலையில் மணக்கும். நடந்ததில் ஒரு பகுதியை நான் பார்த்தேன், மிச்சத்தை அன்ரி சொல்லக் கேட்டேன். மூர்த்தி சொன்ன கதையில் எதுவும் முழுப்பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள மோசமான விஷயம்.

அன்ரி மன்னாரைச் சேர்ந்தவர். கணவர் பீற்றருடனும் மகள் றோஷினியுடனும் தொண்ணூற்று நாலில் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆங்கிலம் விளங்கும், வாசிப்பார். பேசும்போதுதான், எதிரில் நிற்பவர் பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்ததும் வினைச்சொல் மறந்துவிடும். வந்த முதல் குளிர்காலம் முழுக்க வேலை கிடைக்கவில்லை. அப்போது கதவைத் தட்டி வந்தவர் மூர்த்தி. நகரத்தில் சில அலுவலகங்களை, எங்கள் வாயில் கந்தோர்களை, துப்புரவாக்கும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. பின்னேரங்களில் ஒரு வெள்ளை வான் வண்டியில் தமிழ்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். எல்லோரும் அவருக்குத் தங்கச்சிமார்.

அந்த உதவி உண்மையான உதவி. அன்ரி அதை ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்த உதவிக்கு ஒரு முடிவு இருக்கவில்லை. மூர்த்தி எதையும் கேட்கமாட்டார். "நேரமிருந்தால் பாருமன், தங்கச்சி" என்பார். நேரமிருந்தால் அவருடைய வீட்டு விருந்துக்கு இடியப்பம் அவிக்க வேண்டும். நேரமிருந்தால் கட்லற் உருட்ட வேண்டும். லின்ஃபீல்டில் அவர் புதுவீடு வாங்கியபோது, குடிபுகுவதற்கு முன் நேரமிருந்து அன்ரிதான் யன்னல்கள் எல்லாம் துடைத்தார். அவருடைய மனைவி புஷ்பவதி பக்கத்தில் நின்று, "உங்கடை கை பட்டால்தான் கண்ணாடி பளபளக்கும்" என்றாராம்.

அன்ரி வாயால் நன்றி சொன்னதில்லை என்பதும் உண்மைதான். எங்கள் ஆட்களிடையே அது மேடைக்கும் பத்திரிகையில் வரும் செத்தவீட்டு நன்றி நவிலலுக்கும் உரிய சொல். பழகியவரிடம் அதைச் சொன்னால் அவரைப் பிறத்தியாராக்கியது போலாகும். செய்வதால்தான் காட்ட வேண்டும். அன்ரி செய்தார், செய்துகொண்டே இருந்தார்.

வேலையில் அவருக்கு உண்மையில் பொறுக்க முடியாதது நேரம்தான். றோஷினி மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வருவாள். நாலரைக்கு வான் வாசலில் ஹோர்ன் அடிக்கும். அன்ரி திரும்பும்போது பிள்ளை படுக்கப் போயிருக்கும். பீற்றர் அங்கிள் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்று நின்று களைத்து வந்து, சோற்றைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு ரீவிக்கு முன்னால் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். வரும்போது தமிழில் கதை கதையென்று கதைத்த பிள்ளை இரண்டு வருடத்தில் மாறிவிட்டாள். தாய் தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது.

"நான் வீட்டிலை இல்லாத நேரத்திலைதான் இவள் வளருறாள்" என்று ஒருநாள் அன்ரி என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ரீவி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

காகிதச் சுருள் வேலையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் றோஷினிதான். பள்ளியில் குவில்லிங் சொல்லிக் கொடுத்தார்களாம். மெல்லிய காகிதக் கீற்றைக் குச்சியில் சுற்றி, தளர விட்டு, நுனியைப் பசையால் ஒட்டி, விரலால் நெரித்தால் கண்ணீர்த்துளி வரும், இலை வரும், கண் வரும். அவற்றை அடுக்கினால் பூ. பிள்ளை ஒரு பூவைச் செய்துவிட்டு மேசையில் போட்டுப் போனாள். அன்ரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கபாப் குச்சி ஒன்றின் நுனியைச் சவரப் பிளேட்டால் பிளந்து, காகிதத்தை அதில் செருகிச் சுற்றினார். இரண்டு கிழமைக்குள் மகளை விட நுணுக்கமாகச் செய்தார். சனி ஞாயிறுகளில் தாயும் மகளும் மேசையில் எதிரும் புதிருமாக இருந்து சுருட்டும்போது, கை வேலையாக இருந்ததாலோ என்னவோ, பிள்ளையின் வாயிலிருந்து தமிழ் மெல்ல மெல்ல வந்தது. "அம்மா, பசையைத் தாங்கோ." "இது கோணலா இருக்குது, பாருங்கோ." அன்ரிக்கு அது போதும்.

கடையில் விற்கும் கீற்றுகள் விலை கூட. ஆனால் அன்ரி துப்புரவாக்கிய அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியில் காகிதம் நறுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. தேவையற்ற கடதாசிகளை அது நீளநீளமான கீற்றுகளாகக் கிழித்துப் பையில் நிரப்பி வைக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம். குவில்லிங்குக்கு என்றே அளந்து வெட்டியது போன்ற அகலம். ஒரு பின்னேரம் அன்ரி அந்தப் பையிலிருந்து ஒரு பிடியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது மூர்த்தி வந்துவிட்டார்.

"உதென்ன தங்கச்சி, புல்லு சேர்க்கிறீரோ? வீட்டிலை மாடு நிக்குதோ?"

அன்ரி விஷயத்தைச் சொன்னார். எடுக்கலாமா என்றும் கேட்டார். மூர்த்தி சிரித்தார்.

"கொண்டு போம், கொண்டு போம். குப்பைதானே. வெள்ளைக்காரன் எறியிறதை எடுத்துப் பிழைக்கிற சனம்தானே நாங்கள்."

வானில் இருந்த பெண்களுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் அன்ரிக்கு வானில் "மாட்டுக்காரி" என்று பெயர்.

அந்தக் கந்தோரை மேற்பார்வை செய்தவர் லொறெயின் என்ற நியூசிலாந்துப் பெண்மணி. அவருடைய பிறந்தநாளுக்கு அன்ரி சின்னதாக ஒரு பூங்கொத்துச் செய்து மேசையில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் லொறெயின் வீட்டுக்குப் போகாமல் அன்ரி வரும்வரை காத்திருந்தார். அதன் பிறகு அவர்களுக்குள் கொஞ்சம் பேச்சு. அப்படித்தான் பகல் வேலையின் கதை வந்தது. கந்தோர்க் குசினியைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண் கிறிஸ்மஸோடு ஓய்வு பெறப் போகிறார். காலை எட்டுக்குத் தொடங்கி மத்தியானம் இரண்டரைக்கு முடியும் வேலை. கம்பனியே நேரடியாக எடுக்கும். "உன்னைப் பற்றி முகாமையாளரிடம் சொல்லப் போகிறேன்" என்றார் லொறெயின்.

இரண்டரைக்கு முடிந்தால் பஸ் பிடித்து, பிள்ளை வர முதலே வீட்டில் நிற்கலாம். அன்ரி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது மூச்சு வாங்கியது. இடையில் இருப்பது ஒரு சுவர்தான்.

முகாமையாளர் டோல்பர்ட் என்ற அமெரிக்கர். நவம்பர் கடைசியில் அவர்கள் நாட்டில் நன்றித் திருநாளாம். இங்கே அப்படி ஒரு நாள் இல்லாவிட்டாலும் அவர் வருடாவருடம் கந்தோரில் ஒரு மத்தியான விருந்து வைப்பார். சுட்ட வான்கோழியை வெட்டிப் பரிமாறுவார்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எழும்பி எதற்கு நன்றியாக இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மேசை அலங்காரத்தை அன்ரி செய்து தரவேண்டும், விருந்துக்கும் வரவேண்டும், முகாமையாளர் அங்கேயே பார்த்துப் பேசட்டும் என்றார் லொறெயின்.

"நன்றித் திருநாள் எண்டால் நேர்த்தி மாதிரி" என்று அன்ரி பீற்றர் அங்கிளுக்கு விளக்கினார்.

"மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கிறது கேட்டது கிடைச்சாப் பிறகு. நீர் வேலை கிடைக்க முதலே செலுத்துறீர். மாதாவே குழம்பிப் போவா" என்றார் அங்கிள்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்லை. வான்கோழியை நீர் எங்கை கண்டனீர்? மன்னாரிலை கழுதைதானே நிண்டது."

றோஷினி சிரித்துப் புரண்டாள். பள்ளி நூலகத்திலிருந்து வான்கோழிப் படம் உள்ள புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஒக்லாந்தில் அப்போது வசந்தம். வெளியே காற்றும் மழையும் வெயிலும் மாறிமாறி அடித்தன. உள்ளே தாயும் மகளும் இலையுதிர்கால இலைகளையும் பூசணிக்காய்களையும் செய்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன வான்கோழி. வால் இறகுகளுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமும். அச்செழுத்து விழுந்த வெள்ளைக் கீற்றைச் சுருட்டினால் ஒரு மங்கிய சாம்பல் நிறம் வந்தது. உடம்புக்கு அது சரியாக இருந்தது. உலகத்தில் எந்த வான்கோழியும் அந்த நிறத்தில் இருந்திராது, ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு அவற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

விருந்தில் சொல்ல வேண்டிய வசனத்தை மகளே தாய்க்குப் பழக்கினாள். என் மகளுக்காகவும், இந்த மேசையில் எனக்குத் தந்த இடத்துக்காகவும் நன்றியாக இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில். பாத்திரம் கழுவும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் அன்ரி அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே அது பாடமாகிவிட்டது.

பிறகு ஒரு தவறு செய்தார். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"மூர்த்தி அண்ணைக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும்" என்றார்.

"வேலை கையிலை வந்தாப் பிறகு சொல்லுமன்" என்றார் பீற்றர் அங்கிள். "இப்ப என்ன அவசரம்?"

"பிறத்தியாற்றை வாயாலை கேள்விப்பட்டால் மனிசன் என்ன நினைக்கும்? இந்த நாட்டிலை எங்களுக்கு முதல் கதவு திறந்தது அவர். சொல்லாமல் கொள்ளாமல் போறது சரியில்லை."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பிள்ளையாரையும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துப் பூசைக்குப் போகும் அன்ரி, எங்கள் வீட்டுச் சாமிப் படத்தைக் கடன் வாங்கிப் பார்த்துப் பார்த்து அதைச் செய்தார். வயிற்றுக்கு மஞ்சள், காதுகளுக்கு இளஞ்சிவப்பு, தும்பிக்கைக்கு அந்தச் சாம்பல் வெள்ளை. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து லின்ஃபீல்ட் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூர்த்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இஞ்சை பாரும் புஷ்பம், வேதக்காரப் பிள்ளை எங்களுக்குப் பிள்ளையார் செய்து கொண்டு வந்திருக்குது."

அன்ரி பகல் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"நல்லது தங்கச்சி. முன்னேறத்தானே எல்லாரும் வந்தனாங்கள்." பிறகு, படத்தை மேசையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஆர், லொறெயினோ கேட்டது? கொம்பனியே நேரா எடுக்குமாமோ?"

"ஓம் அண்ணை."

"வானிலை வாற மற்றப் பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை. உங்களுக்குத்தான் முதல்."

"அது சரி. அது சரி" என்றார் மூர்த்தி. "விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கினம். அங்கை சந்திப்பம்."

வீட்டுக்கு வந்த அன்ரியின் முகத்தில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு இருந்தது. பெரிய மனது அந்த மனிதனுக்கு என்று அம்மாவிடம் சொன்னார்.

விருந்தன்று எனக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை எல்லாம் முடிந்திருந்தது. றோஷினியைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவந்தேன். ஆகவே அந்த மேசையில் நடந்ததை அன்ரி பிறகு சொன்னபடிதான் எழுதுகிறேன்.

நீளமான மேசை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வான்கோழி. எல்லோரும் எடுத்து எடுத்துப் பார்த்து வியந்தார்கள். அன்ரி நீலச் சேலை உடுத்திருந்தார். எதிர்வரிசையில் மூர்த்தி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. நன்றி சொல்லும் முறை தொடங்கியது. ஒருவர் புதிதாக வாங்கிய படகுக்கு நன்றி சொன்னார். ஒரு பெண் தன் பூனை பிழைத்ததற்கு. டோல்பர்ட் கடவுளுக்கும் அந்த வருட வியாபாரத்துக்கும் நன்றி சொன்னார். மூர்த்தி எழும்பி, தன்னை நம்பி ஒப்பந்தம் தந்த நல்ல மனிதர்களுக்கு நன்றி என்றார். அன்ரியின் முறை வந்தது. எழும்பினார், வசனம் முழுதாக வந்தது. ஒரு வினைச்சொல்லும் மறக்கவில்லை. கைதட்டினார்கள். லொறெயின் கண்ணைத் துடைத்தார்.

டோல்பர்ட் தன் தட்டிலிருந்த பறவையைத் தூக்கி, "இவ்வளவு நுணுக்கமான காகிதம் எங்கே கிடைக்கிறது?" என்று அன்ரியைப் பார்த்துக் கேட்டார்.

அன்ரி வாயைத் திறப்பதற்குள் மூர்த்தி பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே, பெருமைப்படுகிறவர் போல. "உங்கள் கந்தோரில் இருந்துதான் ஐயா. நறுக்கும் மெஷினின் பையில் இருந்து. எங்கள் பெண்கள் ஒன்றையும் வீணாக்கமாட்டார்கள்."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு டோல்பர்ட் பறவையை மெல்லத் திருப்பினார். இறகைப் பிரித்து உள்ளே பார்த்தார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயரில் பாதி அங்கே இருந்தது. நறுக்கிய காகிதம் பூட்டிய தொட்டிக்குத்தான் போக வேண்டும், ஒரு துண்டும் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டமாம். அன்ரிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மூர்த்தி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது.

"இதை எடுக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று டோல்பர்ட் கேட்டார். குரல் உயரவில்லை.

மூர்த்தியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. "நான் எல்லாப் பெண்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன் ஐயா. இவர் ஒன்றும் அறியாதவர். களவு எடுக்கும் எண்ணம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

களவு என்ற சொல்லை அதுவரை வேறு யாரும் சொல்லவில்லை.

அன்ரிக்கு எல்லாம் விளங்கியது. பதில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலமும் இருந்தது. நீங்கள்தானே கொண்டு போகச் சொன்னீர்கள் என்று சொல்ல நாலு சொல் போதும். மேசையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி தட்டில் கிடந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அன்ரி சொல்லேல்லை?" என்று நான் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" என்றார். "அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்கடை மனிசனைப் பொய்யன் எண்டு காட்டுறதோ? அந்த மேசையிலை எங்கடை ஆள் எண்டு இருந்தது அவர் ஒருத்தர்தான்."

அதனால் "சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்பு மட்டும் கேட்டார். லொறெயின் எழும்பி, ஒரு பிளாஸ்ரிக் பையோடு மேசையைச் சுற்றி வந்து வான்கோழிகளைச் சேகரித்தார். அன்ரியின் தட்டிலிருந்ததையும் எடுத்தார். எடுக்கும்போது அன்ரியைப் பார்க்கவில்லை. அதன் பிறகு உண்மையான வான்கோழியை வெட்டினார்கள். அன்ரிக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். அதை உண்டு முடித்துவிட்டுத்தான் வந்தார், மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று.

வானில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர் மூர்த்தி. வழி முழுக்கக் கதைத்தாராம்.

"பொலிசுக்குப் போயிருக்கலாம் தங்கச்சி, தெரியுமோ? விசா, கிசா எண்டு எங்கையெல்லாம் போய் நிக்கும். நான் காலிலை விழாத குறையாக் கதைச்சபடியால் தப்பினீர். அந்தக் கந்தோருக்கு இனி நீர் போக ஏலாது. பரவாயில்லை, நான் விடமாட்டன். பெனரோஸ் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலை எடுத்திருக்கிறன், அங்கை போடுறன். நேரம்தான் கொஞ்சம் பிந்தும்."

எங்கள் வாசலில் வான் நின்றது. மூர்த்தி எஞ்சினை நிறுத்தவில்லை, கதவையும் திறந்துவிடவில்லை. எதற்கோ காத்திருந்தார். அன்ரிக்கு அது என்னவென்று விளங்க ஒரு கணம் எடுத்தது.

"நன்றி அண்ணை" என்றார்.

அவர் தலையசைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே றோஷினி ஓடிவந்து, வான்கோழிகள் அவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்டாள், தமிழில். எல்லாரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றார் அன்ரி. பிறகு கீற்றுகள் வைத்திருந்த பெட்டியைக் குச்சியோடும் பசையோடும் வெளியே குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். பிள்ளை அதை யன்னலால் பார்த்தாள்.

மூர்த்தியின் சார்பிலும் சொல்ல இருக்கிறது. அன்ரி கம்பனிக்கு நேராகப் போனால், நாளைக்கு இன்னொருத்தி போவாள். பின்னேரத் துப்புரவையும் கம்பனியே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசிப்பார்கள். பிறகு வான் எதற்கு, மூர்த்தி எதற்கு? சின்ன அளவில் அவரும் பயந்த மனிதர்தான். அது விளங்குவதால் என் கோபம் குறையவில்லை.

இறைச்சித் தொழிற்சாலையில் கழிப்பறைகளும் சப்பாத்து மாற்றும் அறைகளும். எவ்வளவு கழுவினாலும் கையிலிருந்து அந்த மணம் போகவில்லை. பிள்ளையின் தலையைத் தடவும்போது அவள் முகத்தைத் திருப்பினாள். கிழமை நாட்களில் தாயும் மகளும் கண்டுகொள்ளும் நேரம் இன்னும் சுருங்கியது.

தைப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சூரியனுக்கு நன்றி சொல்லும் நாளில் மூர்த்தி தன்னிடம் வேலை செய்யும் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். சாப்பாட்டைச் சமைப்பதும் அவர்கள்தான். எங்களையும் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது அன்ரி குசினியில் வடை தட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் கண்ணாடி அலுமாரிக்கு நடுவில், பட்டுத்துணி விரித்து, அந்தக் காகிதப் பிள்ளையார்.

வந்திருந்தவர்களில் ரவிசங்கர் என்று ஒருவர், சென்னையிலிருந்து புதிதாக வந்த கம்ப்யூட்டர் எஞ்சினியர். அலுமாரிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"ரொம்ப அழகா இருக்கே சார். யாரு செஞ்சது?"

"எங்கடை பிள்ளை ஒண்டு நன்றியாச் செய்து தந்தது" என்றார் மூர்த்தி. "தங்கச்சி! இஞ்சை ஒருக்கால் வாரும். உம்மடை கைவேலையைப் பற்றி ஒராள் கேக்குது."

அன்ரி வந்தார். விரல்களில் மா ஒட்டியிருந்தது. வானில் வரும் பெண்கள் எல்லோரும் சுவரோரம் இருந்தார்கள். அந்தக் கந்தோர்க் கதை அவர்களுக்குத் தெரியும். செபமலர் களவாக எடுத்தாள், அண்ணை எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை, கடைசியில் அண்ணைதான் காப்பாற்றினார் என்பது வரைக்கும் தெரியும். அண்ணை சொல்லியிருந்தார்.

"ஆமா, இது என்ன பேப்பருங்க? இங்க கடையில கிடைக்குமா?" என்று ரவிசங்கர் கேட்டார். "என் பொண்ணுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

அன்ரி பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு மூர்த்தியைப் பார்த்தார். அன்றைக்கு அங்கே வெள்ளைக்காரர் ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் எங்கள் ஆட்கள்.

"கடைப் பேப்பர் இல்லைத் தம்பி. கந்தோர் மெசின் நறுக்கி எறியிற பேப்பர். எடுக்கலாமோ எண்டு கேட்டனான். அண்ணைதான் கொண்டு போகச் சொன்னவர். குப்பைதானே எண்டு."

சத்தமாகச் சொல்லவில்லை. வடைக்கு உப்புப் போதுமா என்று கேட்கும் குரல்தான்.

"மாட்டுக்காரி எண்டு பேர் வைச்ச அண்டைக்கு" என்று சுவரோரத்திலிருந்து ஒருத்தி தன்னையறியாமல் சொன்னாள். சொன்ன பிறகுதான் கையால் வாயை மூடினாள்.

மூர்த்தி சிரித்தார். "வேதக்காரப் பிள்ளை பகிடி விடுது" என்றார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. புஷ்பவதி பொங்கல் ஆறுது, எல்லாரும் வாங்கோ என்றார். அன்ரி குசினிக்குத் திரும்பிப் போய் மிச்ச வடையையும் தட்டிப் பொரித்துவிட்டு, தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை நாலரைக்கு அன்ரி வேலைச் சட்டையோடு வாசலில் நின்றார். வான் வரவில்லை. எங்கள் தெருமுனையில் அதைக் கண்டேன். மற்றப் பெண்களை ஏற்றிக்கொண்டு நேராகப் போனது. மாட்டுக்காரி என்று வாய்தவறிச் சொன்ன பெண் பின் யன்னலோரத்தில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அன்ரியை அதற்குப் பிறகு தெருவில் கண்டால் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது.

அன்ரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். பொங்கல் வீட்டில் அவர் மறந்து வந்த அகப்பையைக் கொடுக்க நான் பின்னாலேயே போனேன். கோடை விடுமுறை, றோஷினி நிலத்தில் படுத்திருந்து ரீவி பார்த்தாள். தாய் இந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்ததைக் கண்டு ஒருமுறை தலையைத் தூக்கினாள்.

"அம்மா இனிப் பின்னேரத்திலை வீட்டிலைதான்" என்றார் அன்ரி.

"ஓகே" என்றாள் பிள்ளை.

"பசிக்குதோ?"

இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

"ஏதாவது சுருட்டுவமோ? புதுப் பேப்பர் வாங்கலாம், கடையிலை."

பிள்ளை ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் அதையெல்லாம் இப்போது செய்வதில்லை என்றாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், கோபமில்லாமல், கடைக்காரரிடம் சொல்வது போல. கடைசியில் ஒரு "தேங்க்ஸ்" சேர்த்துக்கொண்டாள்.

அன்ரி கதிரையில் இருந்தார். வேலைச் சட்டையைக் கழற்றவில்லை. நான் அகப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பீற்றர் அங்கிள் வரும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் ரீவிச் சத்தம் மட்டும் கேட்டது.